மேளத்துக்குப் பின்னால் ஒரு ரேஸ் வண்டி

— நூத்தி நாப்பதுல போகும்னு சொல்றேன், நீங்க அதைக் காதுலயே வாங்க மாட்டேங்குறீகளேக்கா. உக்காருங்க, தேனி ரோட்டுல ஏத்திக் காட்டுறேன்.

— நூத்தி நாப்பது எனக்கு எதுக்கு தம்பி? நடக்குற வேகத்துல போகுமா? அதைச் சொல்லுங்க.

— என்னது?

— மேளக்காரவுக முன்னால நடப்பாக. பொம்பளைக தாம்பாளத் தட்டு எடுத்துக்கிட்டுப் பின்னால வருவாக. நடுவுல வண்டி. அவுக நடந்தா நடக்கணும், நின்னா நிக்கணும். பேரையூர் பஸ் ஸ்டாண்டுல எடுத்தா, பஜாரைச் சுத்தி மண்டபம் போய்ச் சேர ஒண்ணரை மணி நேரமாச்சும் ஆகும். ஒரு எடத்துலயும் அணையக் கூடாது.

— கல்யாண ஊர்வலத்துக்கா? இந்த வண்டியா? உரக்கடை அன்னக்கொடி அக்கா வாராகன்னு புரோக்கர் பாண்டியராஜன் அண்ணே சொன்னப்ப, வண்டிப் பிரியம் உள்ளவுகன்னுல்ல நெனச்சேன்.

— பிரியம் இல்லாமயா கடையைப் பூட்டிட்டு ரெண்டு பஸ்ஸு மாறி கோச்சடைக்கு வந்து நிக்கிறேன்?

— இது ரேஸ் வண்டிக்கா. இங்கிலாந்துல செஞ்சது. அறுபத்தேழாம் வருசத்து மாடல். பாடியில தகரமே கெடையாது, பூராம் ஃபைபர். நீங்களும் நானும் பின்பக்கம் புடிச்சா தூக்கிப்புடலாம், அம்புட்டு லேசு. கொடைக்கானல்ல ஒரு பங்களாவுக்குப் பின்னாடி கோழி அடைஞ்சு கெடந்துச்சு. கொண்டாந்து நாலு வருசம் உசுரைக் குடுத்திருக்கேன். என் சம்சாரம் ஆன்சி, பாயைத் தூக்கிட்டுப் போய் ஷெட்டுலயே படுங்கன்னுட்டா. இஞ்சின் ஜப்பான் இஞ்சின். அஞ்சு கியரு. நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக்கு. சும்மா சொல்லலக்கா, ஃபேக்டரியில இருந்து வந்தப்பகூட இப்படி ஓடிருக்காது.

— அது கெடக்கட்டும். நடக்குமா?

— ஓடுற வண்டிக்கு நடக்கத் தெரியாதாக்கா?

— அப்ப நடக்க விடுங்க. நான் பக்கத்துலயே நடந்து வாரேன்.

— டெஸ்ட் டிரைவுக்கு நடந்து வாரேன்னு சொன்ன மொத ஆள் நீங்கதேன்.

— ஊர்வலத்துல எல்லாரும் நடந்துதேன தம்பி வாராக? எடுங்க.

— இந்தா, எடுத்துட்டேன். இது சரியா?

— இன்னும் கொஞ்சம் மெதுவா. பொம்பளைக பட்டுச் சேலை கட்டிருப்பாக. கையில தட்டு வேற.

— இதுக்கு மேல மெதுவாப் போனா வண்டி தூங்கிரும்க்கா.

— இந்தா, இப்ப சரி. இப்படியே தெருக்கோடி வரைக்கும் போங்க.

— தப்பா நெனைக்காதீக, ஒண்ணு கேக்குறேன். ஊர்வலத்துக்குத்தேன்னா வாடகைக்கு எடுக்கலாம்ல? குதிரை பூட்டுன சாரட்டு இருக்கு. லைட்டுப் போட்ட ரதமே வாடகைக்குத் தாராக.

— வாடகை வண்டி மறுநா காலையில போயிரும். எனக்கு இது மறுநாளும் வாசல்ல நிக்கணும். அதுக்கு மறுநாளும் நிக்கணும்.

— யாருக்குக் காட்டுறதுக்கு?

— ஊருக்குத்தேன். பின்ன?

— ஊர்ல ஏதும் பகையா?

— பகையில்ல, பேச்சு. எங்க வீட்டுக் கல்யாணத்தைப் பத்திப் பேசாத வாயி எங்க ஊர்ல கெடையாது தம்பி. சொந்தத்துல பெரியவுக பாதிப்பேரு வர மாட்டேன்னுட்டாக. மிச்சப்பேரு, கோயில்ல வச்சு கமுக்கமா முடிச்சிட்டு வந்துருங்கங்குறாக. கமுக்கமா செய்யுறதுக்கு நாங்க என்ன களவாண்டுட்டா வாரோம்?

— ஓ, லவ் மேரேஜா?

— அப்படித்தேன் வச்சுக்கங்களேன்.

— ஜாதகம் கீதகம் பொருந்தலையோ?

— அதெல்லாம் ஒம்பது பொருத்தம் இருக்கு. ஜோசியரே வாயைப் பொளந்துட்டாரு.

— அப்பறம் எதுக்குப் பேசுறாக?

— பேசுறதுக்குக் காரணமா வேணும்? அதேன் சொல்றேன், பஜார் வழியா நடக்குற வேகத்துலதேன் போகணும். வேகமாப் போனா ஓடிப்போனாகன்னு பேசுவாக. நடுவுல நின்னு போச்சுன்னா சிரிச்சே கொன்னுருவாக. எனக்கு அம்புட்டுப் பேரு மூஞ்சியையும் ஒவ்வொண்ணாப் பாத்துக்கிட்டே போகணும் தம்பி. அந்தப் பயம் ஒண்ணுதேன் மனசுல கெடந்து குடையுது, நடுவுல நின்னுருமோன்னு.

— நிக்காதுக்கா. மெர்வின் கை வச்ச வண்டி நின்னதாக் கோச்சடையில எவனும் சொல்ல முடியாது. உங்க மகன் என்ன சொல்றாரு?

— அவன் ஒத்துக்கிறதுக்கே ஆறு மாசம் ஆச்சு.

— இப்பத்த பயலுக எல்லாம் அப்படித்தேன். கல்யாணம்னு சொன்னா ஓடுறானுக.

— ஓடத்தேன் செஞ்சான். திருப்பூர்ல போய் உக்காந்துக்கிட்டு போனைக்கூட எடுக்கல. அழுது பாத்தேன், வஞ்சு பாத்தேன். அப்பறம் ஒரு நா அவனா பையைத் தூக்கிக்கிட்டு வந்து எறங்குனான். இப்பப் பந்தக்கால் ஊண்டுறதுல இருந்து சமையக்காரவுகளுக்குச் சொல்றது வரைக்கும் அவந்தேன் நிக்கிறான்.

— மாப்ளையே பந்தலும் போடுறாரா? தங்கமான புள்ளைக்கா.

— தங்கந்தேன். அது கெடக்கட்டும், என்னமோ உர்ருன்னு சத்தம் வருதே, என்ன அது?

— ஃபேனு. சூடு ஏறுனா தானாச் சுத்தும். பழைய ஃபேனா இருந்தா இந்நேரம் ரேடியேட்டர் மூடியைத் தள்ளிக்கிட்டு ஆவி வந்துருக்கும். எட்டி சூடு காட்டுற முள்ளைப் பாருங்க, பாதியிலயே நிக்குதா? ரேடியேட்டரும் புதுசு. சும்மா சொல்லல.

— என்ன மெர்வினு, வண்டி மக்கர் பண்ணிருச்சா? நானும் ஒரு கை தள்ளவா?

— தள்ள வேணாம் அழகுபாண்டிண்ணே. அக்காவுக்கு ஓட்டிக் காட்டுறேன்.

— இதுக்குப் பேரு ஓட்டுறதா? என் ஆட்டோவை அணைச்சு விட்டாலே இதைவிட வேகமா உருளுமே. பாத்துப்பா, அந்தக்கா உன்னைய முந்திரப் போறாக!

— போய் ஸ்டாண்டுல சவாரியைப் பாருங்கண்ணே. வந்துட்டாரு.

— கேட்டீகளா தம்பி? வண்டி நல்லா ஓடும்போதே ஒத்த ஆட்டோக்காரரு இந்தப் பேச்சுப் பேசுறாரு. நின்னு போனா எங்க பஜாரு என்ன பேசும்?

— அவரு சொல்றதை எல்லாம் மனசுல வச்சுக்காதீகக்கா.

— தம்பி, நிப்பாட்டுங்க.

— ஏன், என்னாச்சு?

— கிளட்ச்சு கருகுற வாடை வருது.

— எனக்கு வரலையே.

— எனக்கு வருது. எங்க வீட்டுக்காரரு தவறுனதுல இருந்து டிராக்டரு, மினி லாரி எல்லாம் நாந்தேன் ஓட்டுறேன். லோடு ஏத்திக்கிட்டுக் கடைக்கும் குடோனுக்கும் நடையா நடந்தவளுக்கு அந்த வாடை தெரியாதா?

— சரி, உங்ககிட்ட மறைச்சு என்ன ஆகப் போகுது. கருகத்தேன் செய்யுது. மொத கியர்ல போட்டாலே இது சைக்கிளை முந்திக்கிட்டுப் போற வண்டி. நடக்குற வேகத்துக்கு இழுத்துப் புடிக்கணும்னா கிளட்ச்சை அரைகுறையா மிதிச்சுக்கிட்டே போகணும். பிளேட்டு தேயும்.

— ஒண்ணரை மணி நேரம் தாங்குமா?

— தாங்கும்.

— என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லுங்க.

— தாங்காதுக்கா.

— அப்பப் பஜார் நடுவுல நிக்கும்.

— நிக்கும். ஆனா அது வண்டி மேல உள்ள குத்தமில்ல. இதைச் செஞ்ச வெள்ளைக்காரன் பேரையூர் பஜாரை நெனச்சாச் செஞ்சான்?

— கதை வேணாம். சரி பண்ண வழி இருக்கா, இல்லையா?

— இருக்கு. பின் ஆக்ஸிலுக்குள்ள ஒரு பல்சக்கர ஜோடி இருக்கு. வண்டியோட வந்த பழைய ஜோடி மெதுவா இழுக்குறது, பலம் சாஸ்தி. அதைக் கழட்டிட்டு நாந்தேன் வேகத்துக்கு வேற ஜோடி போட்டேன். பழசைத் திரும்பப் போட்டா நல்லா நடக்கும். ஆனா தொண்ணூறைத் தாண்ட ததிங்கிணத்தோம் போடும்.

— அப்பப் பழசைப் போட்டுருங்க.

— மாட்டேன்.

— ஏன் தம்பி?

— மனசு வரலக்கா. இந்த வண்டியில நான் பாத்துப் பாத்துச் செஞ்சதே அந்த ஓட்டத்தைத்தேன். மொத நா நாகமலை தாண்டி மிதிச்சப்ப கண்ணுல தண்ணி வந்துருச்சு. அதைக் கழட்டிட்டு விக்கிறதுக்கு நான் விக்காமயே இருந்துருவேன். மத்தியானம் கோயம்புத்தூர்ல இருந்து ஒரு சார் வாராரு. அவருக்கே குடுத்துர்றேன், கோவிச்சுக்காதீக.

— அவரு ஓட்டுவாரா?

— வசதியானவரு. ஏற்கெனவே ஏழெட்டுப் பழைய வண்டி வச்சிருக்காரு.

— ஓட்டுவாரான்னு கேட்டேன்.

— தோட்டத்து வீட்டுல கண்ணாடி ரூம் கட்டிருக்காராம். அதுக்குள்ள நிப்பாட்டுவாராம். போன்ல கலரு என்னன்னு மட்டுந்தேன் கேட்டாரு.

— அப்ப அங்க போனா இது நடக்கக்கூடச் செய்யாது.

— அது என்னமோ வாஸ்தவந்தேன்.

— எங்கிட்ட ஒரே ஒரு நா நடக்கட்டும். கல்யாணம் முடிஞ்சதும் நீங்களே வந்து வேகத்துக்கு உள்ளதைத் திரும்பப் போட்டுக் குடுங்க. அப்பறம் இதே தேனி ரோட்டுல நான் ஓட்டுறேன். நூத்தி நாப்பது வரலைன்னா உங்க ஷெட்டுல வந்துதேன் நிப்பேன்.

— நீங்களா? இதையா?

— பின்ன, வாங்கி வாசல்ல நிப்பாட்டிட்டு நான் பஸ்ஸுலயா போவேன்? எறங்குங்க. இப்பவே ஓட்டிக் காட்டுறேன், நீங்க நடந்து வாங்க.

— மொதல்ல உக்காந்துக்கங்க, அப்பறமாக் காலை உள்ள விடுங்க. சீட்டு ரொம்பத் தாழ இருக்கும்.

— ஆத்தீ, தரையிலயே உக்காந்த மாதிரில்ல இருக்கு!

— பழகிரும். கிளட்ச்சை மெதுவா விடுங்க, வெடுக்குனு விட்டீகன்னா வண்டி துள்ளிரும்...

— பேசாம முன்னால நடங்க தம்பி. நீங்கதேன் இப்ப மேளக்காரவுக. நீங்க நின்னா நிப்பேன், நடந்தா நடப்பேன்.

— நல்லவேளை, ஆன்சி பாக்கல. இந்தா நடக்குறேன். நிக்கிறேன். இப்ப நடக்குறேன். அட, இருங்க இருங்க! நாலடி எடுத்து விட்டுட்டு நியூட்ரல்ல உருள விடுறீகளா?

— பெடல்லயே காலை வச்சுக்கிட்டு இருந்தா எந்தக் கிளட்ச்சுதேன் தாங்கும்? லோடு எறக்க வரிசையில நிக்கையில நாங்க இப்படித்தேன் நகத்துவோம்.

— வாடையே இல்லையேக்கா.

— இதோட பழைய பல்சக்கரமும் சேந்தா?

— பேரையூரை மூணு சுத்துச் சுத்தலாம். நிக்கவே நிக்காது, எழுதி வச்சுக்கங்க.

— இப்பச் சொல்லுங்க. சொன்ன வெலையில நான் ஒத்தப் பைசா கொறைக்கச் சொல்லல. குடுக்குறீகளா, இல்ல கண்ணாடி ரூமுக்கே அனுப்புறீகளா?

— குடுக்குறேன். கோயம்புத்தூர் சாருக்கு நான் போன் போட்டுச் சொல்லிக்கிறேன். புதன்கெழமைக்குள்ள மாத்தி வைக்கிறேன், வந்து எடுத்துக்கங்க.

— அப்பக் கையை நீட்டுங்க. வெத்தலை பாக்கோடதேன் வந்துருக்கேன்.

— நாங்க வேதக்காரவுகக்கா.

— யாவாரத்துக்கு வெத்தலைதேன். நீங்க வேணும்னா ஜெபமும் பண்ணிக்கங்க, ரெண்டுமாச் சேந்து நல்லது செய்யட்டும்.

— வெத்தலையை எடுத்துக்கிட்டே வந்தீகளே, நான் குடுக்கலைன்னா?

— குடுப்பீக. செஞ்ச வண்டியை மடியில வச்சு இம்புட்டுக் கொஞ்சுறவரு, ஓட்டாத ஆளுக்கா குடுத்துருவீக?

— நல்லாத்தேன் ஆளைப் படிக்கிறீக. ஒண்ணே ஒண்ணுக்கா. அலங்காரம் பண்றேன்னு எவனாச்சும் டேப்பை ஒட்டி என் பெயிண்டை உரிச்சுறப் போறான். அந்த வேலையை நானே ஆள் வச்சுச் செஞ்சு தாரேன். பானெட்டு மேல பூவுலயே பேரு எழுதிருவோம், கல்யாணத்துக்கு என் பங்கா இருக்கட்டும். மாப்ள பேரு சொல்லுங்க.

— முத்திருளன்.

— முத்திருளன். திருப்பூர்ல இருக்குற பயலுக்கு ரொம்பப் பழைய பேராவுல்ல வச்சிருக்கீக?

— திருப்பூர்ல இருந்தது என் மகன் சங்கிலி. அவன் மண்டப வாசல்ல நின்னு எங்களை வரவேப்பான். முத்திருளன்ங்கிறது ஹைஸ்கூல் கணக்கு வாத்தியாரு. போன வருசம்தேன் ரிட்டயர்டு ஆனாக. பாவம், அவுகளுக்கு ஸ்கூட்டரு தவிர ஒண்ணும் ஓட்டத் தெரியாது. நான் ஓட்ட, அவுக பக்கத்து சீட்டுல உக்காந்து வருவாக.

— இருங்கக்கா, எனக்குக் கொழம்புது. வண்டியில இருக்குறதே ரெண்டு சீட்டு. ஓட்டுறது நீங்கங்குறீக. பக்கத்துல வாத்தியாரு மாப்ளங்குறீக. அப்பப் பொண்ணு எங்க உக்காரும்?

— பொண்ணுதேன் தம்பி வண்டியை ஓட்டுது. அன்னக்கொடின்னு நல்லாப் பெரிய எழுத்தா எழுதச் சொல்லுங்க, கூட்டத்துக்குக் கடைசியில நிக்கிறவுகளுக்கும் தெரியட்டும்.