திரைக்குப் பின்னால் நிற்கும் பரிசு

வண்ணமும் எண்ணமும் குழைத்து வகுப்பறையை வாழ்வித்த வித்தகியே! பக்கவாட்டில் திரும்பிய முகத்தில் நேராகப் பார்க்கும் கண்ணை எழுதினால் அதுவே எகிப்து என்று பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளை நம்பவைத்த நாயகியே! எங்கள் அன்புக்குரிய ஓவிய ஆசிரியை அவர்களே! வணக்கம்.

பிள்ளைகள் அரங்குக்குள் வருமுன் இம்மடலை வாசிக்கும் எங்கள் தமிழ் ஐயாவின் குரல் நடுங்குவதைக் கேட்டிருப்பீர்கள். பிரிவுத்துயர் என்று எண்ண வேண்டாம், அதுவும் உண்டுதான். ஆனால் மனிதர் காலையிலிருந்தே பயந்துபோய் இருக்கிறார்.

முப்பதாண்டுக் காலம் தாங்கள் ஆற்றிய அரும்பணியை அடுக்கத் தொடங்கினால் பொழுது சாய்ந்துவிடும். பசை ஒட்டிய பிஞ்சு விரல்களில் பழைய எகிப்தின் படகும் பூனையும் பிறந்தன. மை தீட்டிய கண்களோடு ஏழாம் வகுப்பே வந்து அமர, வகுத்தல் கணக்கைப் பாதியில் மறந்து திணறினார் கணக்காசிரியர். ஆண்டின் முடிவில் எல்லாருமாகச் சேர்ந்து, எகிப்து மன்னர்களுக்குச் செய்ததுபோல் மூடியில் முகமும் கையும் எழுதிய ஆளுயரச் சவப்பெட்டி ஒன்று செய்வார்கள். இந்த ஆண்டு மட்டும் அந்தப் பாடத்தைத் தாண்டிப் போய்விட்டீர்கள். நெஞ்சில் அறுவைச் சிகிச்சை முடிந்து வந்தபின், படுத்துக் கண்ணை மூடவே பயமாக இருக்கிறது என்று ஆசிரியர் அறையில் தாங்கள் சொன்னது எங்களுக்குத் தெரியும். பிள்ளைகளுக்குத் தெரியாது.

இன்று காலை மேடைக்கு நாற்காலி எடுக்க ஓவிய அறையைத் திறந்தார் தமிழ் ஐயா. சன்னல் சாத்திய அரையிருட்டில், சுவரில் சாய்ந்தபடி தாங்கள் நின்றீர்கள். மார்பில் மடக்கிய கைகள், இமைக்காத கண்கள், மூக்குக்கண்ணாடி உட்பட எல்லாம் தாங்களே. அவர் பதறிப்போய் வணக்கமே சொல்லிவிட்டார். அட்டையும் பொன்வண்ணமும்தான் என்று தொட்டுப் பார்த்தபிறகே மூச்சு வந்தது. விடுபட்ட பாடத்தைப் பிள்ளைகள் தாமாகவே செய்து முடித்து, பிரிவுப் பரிசாக வைத்திருக்கிறார்கள் என்று விளங்கியதும் வந்த மூச்சும் நின்றது.

உடனே அவசரக் கூட்டம். ஒளித்து வைத்துவிடலாம் என்றார் ஒருவர். நிறுத்திவைத்து அலமாரி என்று சாதித்துவிடலாம் என்றார் கணக்காசிரியர். தலைமை ஆசிரியை தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். கடைசியில் தமிழ் ஐயா வகுப்புத் தலைவியைக் கூப்பிட்டு, இதைப் பார்த்தால் டீச்சர் பயந்துவிட மாட்டார்களா என்று பக்குவமாகக் கேட்டார். அவள் பெட்டியின் மூடியைத் திறந்து காட்டினாள்.

"தாழ்ப்பாள உள்பக்கம்தான் வெச்சிருக்கோம் ஐயா. டீச்சருக்குப் பிடிக்கலைன்னா அவங்களே திறந்துட்டு வெளிய வந்துடலாம்."

அதன்பின் அதை ஒளிக்க எங்களுள் எவருக்கும் மனம் வரவில்லை. பயமும் போகவில்லை. திடீரென்று பார்த்துத் தங்கள் நெஞ்சு அதிர்ந்துவிடக் கூடாதே என்றுதான் முன்கூட்டியே சொல்லிவிட்டோம். பெட்டி இப்போது மேடைத் திரைக்குப் பின்னால் நிற்கிறது; தாங்கள் வேண்டாமென்று தலையசைத்தால் திரை விலகாது.

பல்லாண்டு வாழ்க என்று பாடும் துணிச்சல் இன்றைக்கு எங்களுக்கு இல்லை. நாளைக் காலையும், அதற்கடுத்த காலைகள் அத்தனையும் தாங்கள் நலமாகக் கண்விழிக்க வேண்டும். அவ்வளவுதான் கேட்கிறோம்.

இங்ஙனம்,
திரைக்கயிற்றைப் பிடித்தபடி தங்கள் முகத்தையே பார்த்து நிற்கும்
ஆசிரியர்களும் அலுவலர்களும்