கரைந்த ஆக்சிஜன்

நோரா: தெர்மகோல் தண்ணி மாடல்ல ஆக்சிஜன் எங்கங்க?

கில்பர்ட்: அங்கதான் இருக்கு. நல்லாப் பாரு.

நோரா: பாத்துட்டுத்தான் கேக்கறேன். டீ போட்டுட்டு வர்றதுக்குள்ள... பந்து அளவுக்கு இருந்தது சுண்டைக்காயா ஆயிடுச்சு.

கில்பர்ட்: சிவப்பு நல்லா வந்திருக்கில்ல?

நோரா: கலர் இருக்கு. அணுதான் இல்ல.

கில்பர்ட்: குச்சியெல்லாம் அப்படியே இருக்கு பாரு. பாண்டுக்கு ஒண்ணும் ஆகல.

நோரா: அணுவே இல்லாம பாண்டு யாருக்கு? தண்ணி மூலக்கூறு வளைஞ்சு நிக்கணும். இது நேரா நீட்டிப் படுத்துக்கிச்சு.

கில்பர்ட்: நேரா இருந்தா கார்பன் டை ஆக்சைடுன்னு நீதானே சொன்னே? பேரை மாத்தி ஒட்டிடு.

நோரா: நாளைக்கு எக்ஸிபிஷன்ல ஜட்ஜுங்க கிட்ட அப்படியே சொல்றேன். அந்த மீத்தேன் என்ன, ஒத்தக் கால்ல நிக்குது?

கில்பர்ட்: நாலு ஹைட்ரஜன்ல மூணு... போயிடுச்சு.

நோரா: என்னத்த அடிச்சீங்க?

கில்பர்ட்: வாட்டர் கலர் தீந்துடுச்சு, கம்பெனி ஸ்ப்ரே கொண்டாந்து அடிங்கன்னு நீதானே சொன்னே. அடிச்சேன்.

நோரா: அதுல தின்னர் இருக்குமே. தெர்மகோல் தண்ணியில கரையாது, தின்னர்ல கரைஞ்சிடும்.

கில்பர்ட்: அப்படியா...

நோரா: பொம்மசந்திரா பெயிண்ட் கம்பெனியில மிக்ஸிங் சூப்பர்வைசர். "அப்படியா"ங்கறீங்க.

கில்பர்ட்: டீ ஆறுது.

நோரா: ஆறட்டும். சும்மா கேக்கறேன்... தெரிஞ்சேதானே அடிச்சீங்க? எத்தன கோட்டு?

கில்பர்ட்: மூணு.

நோரா: ம்.

கில்பர்ட்: உன் மாடல் ஜெயிச்சா ஸ்கூலோட மைசூர் பிராஞ்சுக்கு உன்னைத்தான் ஹெச்.ஓ.டி.யா போடுவேன்னு உங்க பிரின்சிபல் சொல்லிட்டாரு. ஹாஸ்டல்ல தங்கணும். சனிக்கிழமைதான் வருவே.

நோரா: போகாதேன்னு வாயத் திறந்து சொல்றதுக்கென்ன?

கில்பர்ட்: பெரிய வேலை. கட்டின புருஷனே எப்படித் தடுக்கறது? ஆனா ஷிஃப்ட் முடிஞ்சு நீ இல்லாத வீட்டுக்கு வர என்னால முடியாது, நோரா.

நோரா: அதுக்கு மீத்தேன் காலை உடைப்பீங்களா?

கில்பர்ட்: தப்புதான். கடையில புதுசு கிடைக்கும். இப்பவே போய் வாங்கிட்டு வரேன். பழைய கெமிஸ்ட்ரி டீச்சராவே இருன்னு சொல்ல மாட்டேன்.

நோரா: வண்டிச் சாவிய வெய்யுங்க.

கில்பர்ட்: கோவமா?

நோரா: மைசூருக்குப் போக எனக்கும் இஷ்டமில்ல. பிரின்சிபல் மூஞ்சியப் பாத்து வேணாம்னு சொல்ல வரல... வாட்டர் கலர் தீரலைங்க. அரிசி டின்ல ஒளிச்சு வெச்சிருக்கேன்.