ஈச்சங்காட்டுவளவின் அடுப்புக்கும் கூரைக்கும் பொறுப்பேற்ற செந்தமிழ்ச்செல்வி அம்மையாருக்கு

மலையேறிய நாள்முதல் மனந்தளராத மாண்பே! கோப்பினும் குடியிருப்பே பெரிதெனக் கொண்ட குணக்குன்றே! எங்கள் ஒன்றிய அலுவலகத்தில் விரிவாக்க அலுவலராய் விளங்கி இன்று விடைபெறும் செந்தமிழ்ச்செல்வி அம்மையீர்! வணக்கம். புகழுரை வேண்டாமென்று கேட்டுக்கொண்டீர்கள். ஆகவே நடந்ததை மட்டும் அவையோர்க்குச் சொல்கிறோம்.

தியாகதுருகத்தில் பிறந்த அம்மையார், நாள்தோறும் கச்சிராயபாளையத்தில் பேருந்து மாறி மலையேறி வந்தவர். ஈச்சங்காட்டுவளவு என்னும் மலைக் குடியிருப்பின் பெண்கள் விறகுக்காக நெடுந்தொலைவு நடப்பதையும், புகையில் கண்சிவந்து இருமுவதையும் காணப் பொறுக்காமல், ஒன்றியக் குழுவிடம் மீண்டும் மீண்டும் மன்றாடி, வீடுதோறும் புகைபோக்கி வைத்த சிக்கன அடுப்புகளைப் பெற்றுத்தந்தார். பாதி விறகிலேயே களி வெந்தது. "இப்பதாங்க மூச்சு வுட முடியுது" என்றார் அவ்வூரைச் சேர்ந்த பாப்பாத்தி என்ற பெண். அன்று மலையிறங்கும்வரை அம்மையாரின் முகத்தில் சிரிப்பு மாறவில்லை.

இரண்டு மழைக்காலம் கழிந்தது. கூரையின் அடியில் காலங்காலமாகப் படிந்த அடுப்புப் புகைதான் மூங்கிலைப் பூச்சி தின்னாமல் காத்துவந்தது. புகை ஒழிந்த மகிழ்ச்சியில் அதை மலையிலும் எவரும் எண்ணவில்லை. அலுவலகத்திலும் எவரும் எண்ணவில்லை. மூங்கில் உளுத்தது, வேய்ந்த புல் மக்கியது. ஐப்பசி அடைமழையில் பாப்பாத்தி வீட்டுக் கூரை விட்டத்தோடு சரிந்தது. சாமை மூட்டையை நனையாமல் நகர்த்திக்கொண்டிருந்த அவர் கணவர் சின்னக்கண்ணு அதனடியில் சிக்கி உயிரிழந்தார்.

விசாரணைக்கு வந்த மேலதிகாரி, "மழைதான் காரணம்னு எழுதுங்கம்மா. அடுப்பப் பத்திப் பேச்சே வேணாம். உங்களுக்குப் பதவி உயர்வு வர்ற நேரம்" என்றார்.

"அந்த மலைக்கு மழை இன்னா புதுசா சார்? அடுப்பக் குடுத்த நாம கூரைய யோசிக்கல. மத்த வூட்டுலயும் அதே மூங்கிலுக்குக் கீழதான் ஜனங்க படுத்துக்கினு இருக்காங்க" என்றார் அம்மையார். அப்படியே எழுதியும் கொடுத்தார். பதவி உயர்வு கடைசிவரை வரவே இல்லை.

அதன்பின் அவர் பாப்பாத்தியைத் தேடிப் போனார். உறவினர் போட்டுக்கொடுத்த குடிசையில், மூன்று கல் கூட்டி, புகைக்கு நடுவே பாப்பாத்தி சமைத்துக்கொண்டிருந்தார்.

"அடுப்பு மேல கோவம் இல்லீங்க. கூரையும் சேத்துக் குடுத்திருந்தீங்கன்னா அந்த மனுசன் இருந்திருப்பாரு" என்றார், முகத்தைத் திருப்பாமல்.

அம்மையார் உலை கொதிக்கும்வரை அந்தப் புகையிலேயே உட்கார்ந்திருந்தார். திரும்பி வந்தவர், அடுப்போடு கூரையும் தரவேண்டுமென ஒவ்வொரு கூட்டத்திலும் எழுந்து நின்றார். ஏளனம் கேட்டார், எதிர்ப்புக் கேட்டார், ஆனாலும் அமரவில்லை. ஆண்டுகள் சென்றபின் பாதி வீடுகளுக்குத் தகரக் கூரை கிடைத்தது. பாப்பாத்தி வீடும் அதில் ஒன்று. பிறகு திட்டத்தையே முடித்துவிட்டார்கள். மீதிக் குடும்பங்கள், கூரை விழுந்துவிடுமோ என்ற அச்சத்தில் புதிய அடுப்பைப் பெயர்த்துப் போட்டுவிட்டு, மறுபடி புகையில் இருமுகின்றன.

அன்புக்குரிய அம்மையீர்! நலமும் வளமும் நீள்வயதும் தங்களுக்கு வாய்க்க வேண்டுமென்பது எங்கள் நெஞ்சார்ந்த விருப்பம். ஆனால், மேற்கே மலைப்பக்கம் மின்னல் வெட்டினாலே தாங்கள் படுக்கையிலிருந்து எழுந்து உட்கார்ந்துவிடுகிறீர்கள் என்று தங்கள் மகள் ஷாலினி எங்களிடம் சொன்னார். இனியேனும் நிம்மதியாக உறங்குங்கள் என்று வாழ்த்தத்தான் வந்தோம். அந்த மீதி வீடுகளை நினைக்கையில், அப்படிச் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை.

இங்ஙனம்,
தங்களைப் பிரியும்
ஒன்றிய அலுவலகப் பணியாளர்கள்