கொட்டாவி வரவழைத்து மாறுகண் கண்டுபிடித்தவருக்கு

கண்ணளக்கும் கலையில் கைதேர்ந்தவரே! விலகல் அளக்கும் பட்டகக் கண்ணாடிப் பெட்டியோடு முப்பத்தோராண்டு பழகிய பண்பாளரே! பதறாதவரே, பசித்தாலும் பாதியில் எழாதவரே! இன்று ஓய்வுபெறும் எங்கள் மாறுகண் பிரிவின் மூத்த பரிசோதகர் லாசரஸ் சார் அவர்களே! தாம்பரத்துத் தோழர்களின் தலைதாழ்ந்த வணக்கம்!

விட்டு விட்டு வெளிப்பக்கம் ஓடும் கண் பொல்லாதது. பிள்ளை விழிப்பாக இருந்தால் நேராக நிற்கும், அசந்தால் நழுவும். தூரம் பார்க்கையில் அதிகம் ஓடுவது, கிட்டப் பார்க்கையில் அதிகம் ஓடுவது, இரண்டிலும் ஒரே அளவு ஓடுவது என நீங்கள் வகை பிரித்துத் தந்த அளவை நம்பித்தான், வெளித் தசையைத் தளர்த்துவதா, உள் தசையை இறுக்குவதா என்று முடிவு செய்து கத்தியைத் தொட்டோம். ஒரு கண்ணை மணிக்கணக்கில் கட்டி உட்காரவைத்து மறுபடி அளப்பீர்கள். வெளியே வரிசை முணுமுணுக்கும். உங்களுக்கு மட்டும் காது கேட்காது!

கோவளத்தில் மீன் விற்கும் அங்காளம்மா, ஏழு வயது மகள் ஜோதிலட்சுமியோடு மூன்றாம் முறை வந்த நாளை மறப்போமா? முதல் இரு முறையும் கிட்டத்தில் பொம்மை காட்டினேன். பிள்ளை சமர்த்தாகப் பார்த்தாள். "நேராக உள்ளது" என்று எழுதி அனுப்பிவிட்டேன். ஆம், அப்படி அனுப்பிய டாக்டர் இம்மடலை எழுதும் நானேதான்.

"வூட்டாண்ட ஓடுது, உங்களாண்ட வந்தா நிக்குது. நான் இன்னாத்துக்குப் பொய் சொல்லப் போறேன்? இன்னிக்கும் ஒண்ணுமில்லன்னா இனிமே வரமாட்டேன்" என்று அவர் கலங்கினார். அப்படியே போயிருந்தால், இரு கண்ணும் சேர்ந்து பார்க்கும் பார்வை அந்தப் பிள்ளைக்கு மெல்ல மெல்லப் போயிருக்கும்.

நீங்கள் பிள்ளையை மாடி ஜன்னலுக்கு அழைத்துப்போய்த் தூரத்து வானத்தைப் பார்க்கச் சொல்லி, தாம்பரத்திலிருந்து சென்னைக் கடற்கரைக்குப் போகும் ரயில் நிற்கும் ஸ்டேஷன்களை ஒவ்வொன்றாக விவரிக்கத் தொடங்கினீர்கள். ஐயோ, நீங்கள் பேச ஆரம்பித்தால் தூங்காத ஆள் இங்கே உண்டா! திரிசூலத்தில் பிள்ளை கொட்டாவி விட்டாள். மீனம்பாக்கத்தில் இடக்கண் வெளியே நழுவியது. "தோ! ஓடுது பாருங்க!" என்று அங்காளம்மா துள்ளினார்.

இரு கண்ணிலும் வெளித் தசையைத் தளர்த்தினோம். எதிர்பார்த்தபடியே கண் சில நாள் சற்று உள்ளே திரும்பியிருந்தது. "ரெண்டு அம்மா தெரியுது" என்று சிரித்தாள் பிள்ளை. பத்தாம் நாள் ஒரே அம்மாதான்.

அன்று அங்காளம்மா என்னைத் தாண்டிப் போய் உங்கள் கையைப் பிடித்தார். "கண்ண நேராக்குனது டாக்டரம்மா. நான் சொன்னத நம்புனது நீங்கதான் சார்!"

அது எனக்கு உறைத்தது, சார். இப்போதெல்லாம் தாய் சொல்வதை முதலில் எழுதிக்கொண்டு, பிறகுதான் பிள்ளையைப் பார்க்கிறேன்.

நோயண்டாமல், நூறு தாண்டி, நிறைவோடு வாழுங்கள்!

அன்புடன்,
டாக்டர் கனகவல்லி
மற்றும் மாறுகண் பிரிவினர்
கிழக்குத் தாம்பரம், 31.5.2006