தமயந்தி கால்ல புது மெட்டி

இந்த சுகர் முகாம்ல டாக்டர் ஐயா பேசினதுல பாதிப் பேருக்குக் கண்ணு சொருகுது... அதனால நான் ஒரு குட்டிக் கதை சொல்லிட்டு மைக்கைக் கொடுத்துடறேன். கைக்குட்டைக்குள்ள போண்டா மறைச்சு வெச்சிருக்கற மூணாவது வரிசை மாமா, நீங்களும் கேளுங்க.

செல்வராணி, தமயந்தின்னு ரெண்டு ஓரகத்திங்க. கீழ் வீடு மூத்தவ, மாடி இளையவ. ரெண்டு பேருக்கும் ரத்தத்துல சர்க்கரை... நாக்குலதான் கிடையாது. தமயந்தி புதுப் புடவை கட்டினா அன்னைக்குச் செல்வராணி வீட்டு சாம்பார்ல காரம் தூக்கும்.

கொஞ்ச நாளா அந்த எரிச்சல் கூடிப்போச்சு. ஏன்? தமயந்தி முகம் பூரிச்சுக் கிடக்கு. கன்னம் புஸ்ஸுன்னு இருக்கு. மத்தியானம் படுத்தா விளக்கு வைக்கறப்பதான் எந்திரிக்கறா. "அவ வாழறா மகாராணியா... நான் பேருக்குத்தான் ராணி"ன்னு இவ பொருமறா.

இதுக்கு மேல, தமயந்தி கால்ல புது மெட்டி. ஆடியிலதான் ஒண்ணு வாங்கினா... தீபாவளிக்குள்ள இன்னொண்ணா? பொறுக்குமா? விறுவிறுன்னு மாடி ஏறிட்டா.

"ஏண்டி, உன் வீட்டுக்காரர் வெள்ளிக்கடையவே வாங்கிட்டாரா?"

"போங்கக்கா. பழசு விரல்ல ஏறல. இதுவும் இறுக்குது."

"எங்க, காட்டு."

மெட்டி எவ்வளவு கனம்னு பாக்க, காலை அழுத்திப் பிடிச்சா. கையை எடுத்தா... விரல் பதிஞ்ச இடத்துல குழி. அது அப்படியே நிக்குது.

செல்வராணிக்கு மெட்டியும் மறந்துபோச்சு, பொறாமையும் மறந்துபோச்சு. கல்யாணமாகி வந்ததுலேர்ந்து முதல் தடவை.

"எத்தனை நாளாடி இப்படி?"

"தெரியலக்கா. எப்பப் பாரு அசதி. ஃபேன் போட்டாலே குளிருது. சுகர்தான்னு விட்டுட்டேன்."

மறுநாளே கூட்டிட்டுப் போனா. டாக்டர் தைராய்டுக்கு ரத்தம், கிட்னிக்கு ரத்தம், யூரின்ல புரதம் போகுதான்னு ஒண்ணு... எழுதிட்டே போறார். நம்ம ஆளுக்கு அங்கயும் பொறுக்கல.

"அவளுக்கு மட்டும் இத்தனை டெஸ்டா? எனக்கும்தான் சுகர். எனக்கும் எழுதுங்க டாக்டர்."

டாக்டர் சிரிக்கல. "நீங்க கேக்காட்டியும் எழுதணும்மா"ன்னார்.

ரிசல்ட் வந்துச்சு. தமயந்திக்குத் தைராய்டு மந்தம். யூரின்ல புரதம் கசியுது. ஆரம்பம்தான், கிட்னியைக் காப்பாத்தப் பாக்கலாம்னார். சரி, செல்வராணிக்கு? கால் வீங்கல. முகம் ஊதல. அசதியும் இல்ல... ஆனா அவளுக்கும் தைராய்டு மந்தம், அவளுக்கும் கசிவு. அந்த வயித்தெரிச்சல்ல அன்னைக்கு அவ மாடி ஏறியிருக்கலேன்னா, யாருக்குத் தெரிஞ்சிருக்கும்?

இப்ப உங்ககிட்ட வரேன். சுகர் இருக்கறவங்கள்ல, தைராய்டு மந்தமானவங்ககிட்ட கிட்னிக் கோளாறும் அதிகமாத் தெரியுதுங்கறாங்க. எது எதைக் கூட்டிட்டு வருதுன்னு இன்னும் ஆராய்ச்சி நடக்குது. அவங்க முடிவு சொல்றவரைக்கும் உங்க கிட்னி காத்திருக்குமா? சுகரை மட்டும் பாத்துட்டு வீட்டுக்குத் திரும்பாதீங்க. தைராய்டு, யூரின்... ரெண்டையும் கேட்டு வாங்கிப் பாருங்க.

அடுத்தவங்க கழுத்துச் சங்கிலியைப் பாத்துப் பொறாமைப்பட்டது போதும். அந்தக் கழுத்துக்குள்ள இருக்கற சுரப்பிக்கு டெஸ்ட் எடுத்தாங்களான்னு கேட்டுப் பொறாமைப்படுங்க.

அதோ, அந்த மேசையில ரத்தம் எடுக்கறாங்க. உங்க பக்கத்து நாற்காலிக்காரர் எந்திரிக்கப் பாக்கறார்...

முந்த விட்டுடுவீங்களா?