ஏழாவது பிரிவு

கூட்டு சேர்ந்து தொழில் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் பத்திரத்தைப் படிப்பதில்லை. நான் படித்தேன். சொல்லப்போனால், ஏழாவது பிரிவை எழுதச் சொன்னதே நான்தான்.

என் தங்கை கணவரும் நானும் லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனி வைத்தோம். கைவேலை அவருக்கு, வேலை பிடிப்பதும் கடிதப் போக்குவரத்தும் எனக்கு. ஏழாவது பிரிவு இதுதான்: கூட்டாளி தானாக விலகினால் தொழிலில் பாதியைப் பிரித்துக்கொண்டு போகலாம். உடம்பு சரியில்லை என்று தொடர்ந்து ஆறு மாதம் வராமல் இருந்தால் பங்கே கிடையாது. வக்கீல் இதை இரண்டு முறை வாசித்துக் காட்டினார்.

மாப்பிள்ளை சிரித்தார். "நீங்க படிச்சா நான் படிச்ச மாதிரிதான் மச்சான். எங்க கையெழுத்து போடணும்?"

நல்ல மனிதர். அதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை. நாலு வருஷத்தில் எல்லாக் கட்டிடத்திலும் அவரையே கேட்டார்கள். நான் போய் நின்றால், "அவர் வரலையா?" என்று என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார்கள். ஒரு நாள் டீ குடித்துக்கொண்டே சொன்னார்: "தனியாப் பண்ணலாம்னு இருக்கேன் மச்சான். மனஸ்தாபம் ஒண்ணுமில்ல."

எனக்கும் ஒன்றுமில்லை என்றேன்.

அடுத்த வாரம் ஒரு ஆறு மாடிக் கட்டிடத்தில் வேலை. அவர் லிஃப்டுக்கு அடியில் இருந்த குழிக்குள் இறங்கினார். நான் மொட்டை மாடி இயந்திர அறையில் இருந்தேன். "நான் சொல்ற வரைக்கும் சுவிட்ச் போட்டுடாதீங்க," என்றார் போனில்.

விபத்து என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். இரண்டு கால்களும் போயின. நான் ஒரு நாள் தவறாமல் ஆஸ்பத்திரிக்குப் போனேன், அவருக்கு முகம் மழித்துவிட்டேன்.

ஐந்தாம் மாதம் தங்கை வந்தாள். "சக்கர நாற்காலியில கூட்டிட்டு வரேண்ணே. ஆபீஸ்ல ஒரு நாள் வந்து உக்காந்தாலே போதும்னு வக்கீல் சொல்றாரு."

"உடம்பு முக்கியம்மா. பங்கு எங்க ஓடிடப் போகுது?"

அண்ணன் சொன்னதால் நம்பினாள். ஆறு மாதம் முடிந்த மறுநாள், பங்கு இல்லை என்ற நோட்டீஸைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். அதைக் கையில் பிடித்துக்கொண்டு வந்துதான் கேட்டாள்: "அன்னிக்கு அவர் கத்தினது உனக்குக் கேக்கலையா?"

கேட்டது. சுவிட்சைப் போட்டு லிஃப்டைக் கீழே இறக்கியது நான்தான். கத்தல் நிற்கும்வரை அதை நிறுத்தாமல் இருந்ததும் நான்தான். இதையெல்லாம் நீங்கள் எழுதிக்கொள்ளலாம், ஐயா. ஒப்பந்தத்தை மீறியவன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.