கிறீச்சிடும் கட்டில்

— பாத்து அண்ணே, கட்டிலைப் பழுது பாக்கறதுக்கு முன்னாடி மெத்தையைச் சுவரோரம் சாத்துங்க. திரைச்சீலை புதுசு, அழுக்காயிடப் போகுது.

— அதெல்லாம் நம்ம பொறுப்பு தங்கச்சி. அறை நல்லா வந்திருக்கு. இந்த மங்கின நீலத்தைப் பாத்துக்கிட்டே படுத்தா, கூலி கேக்க மறந்து நானே தூங்கிடுவேன்.

— நீங்களாவது தூங்குங்க. இவரைப் பாருங்க, பெயிண்ட் அடிச்சதுலேர்ந்து எதையோ பறிகொடுத்தவர் மாதிரி நிக்கிறார்.

— அப்படியெல்லாம் இல்லை. கட்டிலை விட்டுடலாமேன்னுதான் சொல்றேன். அதுபாட்டுக்கு இருக்கட்டும்.

— கேட்டீங்களா அண்ணே? புரண்டு படுத்தா தெருவே முழிச்சுக்குது, அதுபாட்டுக்கு இருக்கணுமாம். கடிகாரத்தைக் கழட்டினேன், அதுபாட்டுக்கு இருக்கட்டும்னார். கதவுக் கீலுக்கு எண்ணெய் விட்டேன், அதுக்கும் அதே பாட்டு.

— விடு தங்கச்சி. கட்டிலுக்கு வயசானா முனகத்தான் செய்யும், மனுஷன் மாதிரி. நேத்து மாப்ளே ஸ்கூல் வேன் ஓட்டிட்டுப் போறப்போ பாத்தேன், கண்ணு ரெண்டும் கோவைப்பழம். இதை முடுக்கிட்டா அவருக்கும் புண்ணியம். எங்கே, கால்மாட்டைப் பாப்போம்... அட!

— என்ன அண்ணே?

— இங்க இருக்க வேண்டிய போல்ட்டைக் காணோம். சட்டம் ரெண்டும் உரசுது, அதான் இந்தக் கத்து.

— எங்கயாவது விழுந்திருக்கும்.

— தானா விழுற போல்ட் இல்லை மாப்ளே இது. ஸ்பேனர் போட்டாத்தான் வரும். இதோ பாருங்க, சட்டத்துல ஸ்பேனர் பதிஞ்ச தடம்கூட இருக்கு. யாரோ வேலை மெனக்கெட்டுக் கழட்டியிருக்காங்க.

— அண்ணே, இந்த அளவு போல்ட் பக்கத்துல கிடைக்குமா?

— முக்குக் கடையில கிடைக்கும். ஒரு டீயும் குடிச்சுட்டு வந்துடறேன். அவசரமில்லையே?

— இல்லை. மெதுவாவே வாங்க.

— சரி தங்கச்சி, வரேன்.

— அவர் போயிட்டார். இப்பவாவது பேசுங்க.

— என்ன பேசச் சொல்றே?

— வேன்ல வெச்சிருக்கற ஸ்பேனர்தானே?

— ம்.

— எப்போ?

— உன்னை ஆஸ்பத்திரியிலேர்ந்து கூட்டிட்டு வந்த அன்னைக்கு. நீ குளிக்கப் போயிருந்தே.

— நான் எழுந்தா உங்களுக்குச் சத்தம் கேக்கணும். அதுக்கா?

— கோவிச்சுக்காதே. எனக்கு வேற வழி தெரியலை. அந்த ராத்திரி நீ பக்கத்துலேர்ந்து எழுந்து போனது எனக்குத் தெரியலை. சுவரைப் பாத்துக் குறட்டை விட்டுக்கிட்டிருந்தேன். தாகம் எடுத்து எழுந்திருக்கலைன்னா உன்னை... சாகத் துணிஞ்சு ஒருத்தி எழுந்து போறா, கட்டினவனுக்குத் தெரியலை. நான் என்ன மனுஷன்?

— அதுலேர்ந்து நீங்க தூங்கறதே இல்லை.

— தூங்கறேனே.

— பொய். நான் புரண்டா உங்க மூச்சு நின்னுடுது. நான் மறுபடி அடங்கினப்புறம்தான் விடறீங்க. அதுக்குப் பயந்து நானும் மரக்கட்டையா கிடக்கறேன். ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் காவல். கள்ளன் மட்டும் நடுவுல சுகமா தூங்கறான்.

— சிரிப்பா இருக்கா உனக்கு?

— இல்லை.

— உனக்கு நல்ல தூக்கம் வேணும், அறை அமைதியா இருக்கணும்னு டாக்டரம்மா சொன்னதாச் சொன்னே. மறுபேச்சு பேசாம பெயிண்ட் டப்பாவைத் தூக்கிட்டு வந்தேனே. இந்தக் கட்டில் ஒண்ணைத்தானே விடச் சொன்னேன்?

— டாக்டரம்மா அப்படிச் சொல்லலை. நானாத்தான் சொன்னேன்.

— எதுக்கு?

— வேன்ல கூட வர ஆயாம்மா வீட்டுக்கு வந்து அழுதாங்க. பச்சை விளக்கு விழுந்தும் நீங்க ஸ்டியரிங் மேல சாஞ்சு கிடந்தீங்களாம். பின்னாடி புள்ளைங்க கத்தினாங்களாம்.

— சும்மா கண் அசந்துது. வண்டி நின்னுக்கிட்டுத்தானே இருந்துது.

— ஓடிக்கிட்டிருந்தா? ஊரான் பெத்த புள்ளைங்க. இந்த நீலம், இந்தத் திரை, எல்லாமே உங்களுக்குத்தான். உங்களுக்குன்னு சொன்னா ஒரு ஆணிகூட அடிக்க விடமாட்டீங்க. அதான் எனக்குன்னேன்.

— என்னைத் தூங்க வெக்கப் பெயிண்ட் எதுக்கு? இனிமே அப்படிப் போகமாட்டேன்னு ஒரு சத்தியம் பண்ணு. இந்தத் தரையிலயே தூங்கறேன்.

— அந்தச் சத்தியம் என்னால பண்ண முடியாது.

— ஏன்?

— நாளைக்கு நான் எப்படி இருப்பேன்னு எனக்கே தெரியாது. பொய்ச் சத்தியம் பண்ணி உங்களைத் தூங்க வெக்க மாட்டேன்.

— அப்போ நான் எப்படித் தூங்கறது?

— இது வேணா முடியும். போல்ட்டை முடுக்கச் சொல்லுங்க. அந்த எண்ணம் வந்துதுன்னா, கட்டில் சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டாம். நானே உலுக்கி எழுப்பறேன்.

— நீயா? சாப்பாடு ஆறி அவலாப் போனாலும், தூங்கறவரை எழுப்பினா பாவம்னு உக்காந்திருப்பே. உனக்கு மனசு வராது.

— வரும்.

— எப்படி நம்பறது?

— இங்க வாங்க. கீழ உக்காருங்க, என் பக்கத்துல. கையைக் குடுங்க... இன்னைக்குக் காலையிலேர்ந்து மறுபடியும் அந்த எண்ணம்தான். இதோ, எழுப்பிட்டேன்.